கடையை மூடவும் காசு வேண்டும்

தொழிலைத் தொடர்வதா, நிறுத்துவதா என்ற கேள்வி பெரும்பாலும் கல்லா காலியான பிறகுதான் எழுகிறது. அதற்குள் விடை தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். சரக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்பார், வேலையாளுக்கு ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி இருக்கும், வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கும். அந்த நேரத்தில் மூடுபவர் முடிவெடுத்து மூடுவதில்லை, தள்ளப்பட்டு விழுகிறார்.

பலர் கவனிக்காத ஒன்று, மூடுவதற்கே ஒரு செலவு உண்டு என்பது. பணம் தீரும் நாளைக் கடைசி நாளாக வைத்துக்கொள்கிறார்கள். மூடும் செலவுக்கு மட்டும் பணம் மிஞ்சியிருக்கிறதே, அந்த நாள்தான் உண்மையில் கடைசி நாள். அது அவர்கள் நினைப்பதைவிட நான்கைந்து மாதம், சில நேரம் ஏழு மாதம் முன்னாலேயே வந்துவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, வெட்டிச் சுத்தம் செய்து, தண்டையார்பேட்டையில் ஒரு சின்னக் கடையில் வைத்து, போனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழில். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், கணக்கு போகும் வழி மாறாது.

கலவையாக எடுத்த மீன் கிலோ 300 ரூபாய். தலை, குடல், செதில் போக முக்கால் பங்கு தேறுகிறது என்றால் சுத்தம் செய்த கிலோவுக்கு அடக்கம் 400. (இறால் எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. உரித்த பிறகு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். 'இறால்தான் நன்றாகப் போகிறது' என்பவர்களில் பாதிப் பேர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.) வெட்டுக்கூலி 30. ஐஸும் டப்பாவும் 20. வண்டிச் செலவு 60. ஆன்லைன் பணத்துக்குப் போகும் 2 சதவீதம் 12. விற்காமல் நின்றது, திரும்பி வந்தது, நசுங்கிப் போனது என்று 8 சதவீதம் வைத்தால் 32. எல்லாம் சேர்த்து 554. விலை 600. ஓர் ஆர்டர் ஒரு கிலோ என்று வைத்தால் ஆர்டருக்குக் கையில் நிற்பது 46 ரூபாய்.

ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டியது தனி. வாடகை 18,000, இரண்டு பேர் சம்பளம் 36,000, ஃப்ரீசருக்கும் விளக்குக்கும் கரண்ட் 9,000, போன், இன்டர்நெட் வகையில் 5,000, லோன் தவணை 12,000. மொத்தம் 80,000. இதை 46-ஆல் வகுத்தால் மாதம் 1,739 ஆர்டர், நாளைக்கு 58. இப்போது வருவது மாதம் 650. அப்படியென்றால் 650 ஆர்டரில் கிடைப்பது சுமார் 30,000, கைக்காசிலிருந்து எரிவது மாதம் 50,000.

முதலாளியின் சம்பளம் இதில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஏலத்தில் நிற்பவர், வேறெங்கோ வேலைக்குப் போனால் 25,000 வாங்குவார். அதையும் சேர்த்தால்தான் உண்மையான நஷ்டம். 'எனக்கு நானே சம்பளம் எடுப்பதில்லை' என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது தினமும் உள்ளே போடும் முதல், வேறொன்றுமில்லை.

மூடும் செலவு

வங்கியில் 6 லட்சம் இருக்கிறது, மாதம் 50,000 எரிகிறது, ஆக 12 மாதம் தாங்கும் என்று மனம் கணக்குப் போடும். இனி ஒரு தாளை எடுத்து மூடும் செலவை எழுதுங்கள். வேலையாட்களுக்கு ஒரு மாதச் சம்பளம் 36,000. ஏலக்காரருக்குப் பாக்கி 85,000. முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்குத் திருப்ப வேண்டியது 15,000. ஆடிட்டர், படிவங்கள் 15,000. கரண்ட், போன், ஐஸ் ஃபேக்டரி கடைசி பில் 12,000. அடுத்த வருமானம் வரும்வரை ஆறு மாதத் தவணை 72,000. அதே காலத்தில் குறைந்தது நான்கு மாத வீட்டுச் செலவு 1,00,000. கூட்டினால் 3,35,000.

அப்படியானால் கையில் விளையாட இருப்பது 2,65,000 மட்டும். ஐந்து மாதம் சொச்சம். பன்னிரண்டு என்று நினைத்தது ஐந்தாகிவிட்டது.

கடை அட்வான்ஸை இந்தக் கணக்கில் வரவாகச் சேர்க்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் பல இடங்களில் வழக்கம், அதனால் 1,80,000 வீட்டுக்காரரிடம் இருக்கும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்று அக்ரிமென்டில் இருந்தால் அந்த 54,000 அதில் கழியும். பெயின்ட், மீன் நாற்றம், உடைந்த டைல்ஸ் என்று இன்னும் கழியும். மிச்சத்தையும் அடுத்த ஆள் குடிவந்த பிறகே பலர் கொடுப்பார்கள். கைக்கு வரும்வரை அது உங்கள் பணமில்லை. கடை எடுத்த அன்றே தரை, சுவர், ஷட்டர், மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருந்தால் இந்தப் பேச்சுவார்த்தை பாதி சுலபம்.

ஆர்டரா, மிச்சமா

மிச்சமிருக்கும் ஐந்து மாதத்தை எதில் செலவிடுவது? முதலில் தோன்றுவது விளம்பரம்: ஆர்டரைக் கூட்டு. மாதம் 10 சதவீதம் கூடினாலும் 650 ஐந்து மாதத்தில் 1,050-ஐத்தான் தொடும். 1,739-ஐ எட்டப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆர்டர் கூடக்கூட எரிவது குறையும் என்பது உண்மை. ஆனாலும் கைக்கும் வாய்க்குமான அந்த இழுபறியில் ஒரு மழை வந்தால் போதும்.

ஆர்டருக்கு நிற்கும் 46-ஐ 80 ஆக்கினால் தேவை 1,000 ஆர்டராக இறங்கிவிடுகிறது. அதே 10 சதவீத வளர்ச்சியில் நாலரை மாதம். இது கைக்கு எட்டும் தூரம். 34 ரூபாயை எங்கே பிடிப்பது? பத்து கிலோமீட்டர் சுற்றளவு என்பதை நான்காகச் சுருக்கி, தெருவாரியாகச் சேர்த்து அனுப்பினால் வண்டிச் செலவு 60-லிருந்து 40-க்கு வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சிக்கி நின்ற மீனும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்ற மீனும் வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஐஸ் கரைந்து, சதை தளர்ந்துதான் போகும். அந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆர்டர் வராது. அடுத்தது, முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சொன்னவர்களுக்கு மட்டும் என்று மாற்றுவது. ஏலத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரிந்தே போவதால் வீணாவது 32-லிருந்து 18-க்குக் குறையும். 20-உம் 14-உம் சேர்ந்து 34.

சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், நான்கு வாரம், ஒரே ஓர் எண். விலையை ஏற்றி, அதே வாரம் ஆஃபர் போட்டு, மசாலா தடவிய மீனையும் சேர்த்தால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகப் பாருங்கள். வார ஆர்டரில் பெரும்பங்கு அன்று காலை 7 முதல் 10-க்குள் வந்து விழும். ஒரு பையன் மணிக்கு மூன்று நான்கு வீடுதான் போக முடியும். ஆர்டர் இல்லாததால் நஷ்டமா, வந்த ஆர்டரைக் கொண்டுசேர்க்க ஆளில்லாமல் நஷ்டமா என்பது வேறு வேறு நோய். இரண்டாவதற்குக் கடையை மூட வேண்டியதில்லை.

இரண்டு சோதனை முடிந்தும் ஆர்டருக்கு நிற்பது நகரவில்லை என்றால் அது தெளிவான பதில். மூன்றாவதாக எதையாவது தேடிக் கண்டுபிடிக்கத் தோன்றும். அங்கேதான் ஐந்து மாதம் எட்டு மாதமாகிறது.

மாதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

வங்கக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகும் நாட்டுப்படகும் கொண்டுவருவதும் வெளியூர் வரத்தும்தான் சந்தையில் இருக்கும், விலை ஏறும். புரட்டாசியில் பல வீடுகளில் மீன் ஏறாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படியே. ஆக வருடத்தில் நான்கைந்து மாதம் இந்தத் தொழிலின் எண்கள் பொய் சொல்லும். மே மாத விற்பனையை மார்ச்சோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முதல் வருடம் என்றால் தடைக்காலம், புரட்டாசி இரண்டையும் விட்டுவிட்டு மற்ற மாதங்களை மட்டும் வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆனால் அந்த மந்த மாதங்களிலும் வாடகை, சம்பளம் ஓடும் என்பதால் வருடச் செலவை நல்ல மாதங்கள்தான் சுமக்க வேண்டும். ஜனவரியில் 80,000-ஐத் தொட்டால் போதும் என்பது தப்புக்கணக்கு. ஒரு லட்சத்துக்கு மேல் நின்றால்தான் மே மாதம் தாண்டும்.

வெளியிலிருந்து வரும் அடியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம். அந்த மாதத்துக் கணக்கை வைத்து எந்த மீன் வியாபாரத்தையும் தீர்ப்பளிக்க முடியாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில்தான் ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடங்களில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தடுப்புப் பலகைக்குப் பின்னால் கடை வைத்திருந்தவர்களுக்கு எது தங்கள் தப்பு, எது சாலையின் தப்பு என்று தெரிய வழியில்லை. இப்படிப்பட்ட தடைக்கு முடிவுத் தேதி தெரிந்தால், அதுவரை தாங்கப் பணம் இருந்தால், பொறுக்கலாம். தேதி தெரியாவிட்டால் அதுவும் நிரந்தரச் செலவு மாதிரிதான்.

எல்லா மாதத்துக்கும் பொருந்தும் ஒரு கணக்கு உண்டு. நோட்டில் மாதம் ஒரு வரி. அந்த மாதம் முதல்முறை வாங்கியவர் எத்தனை பேர், அவர்களில் அடுத்தடுத்த மாதம் திரும்ப வந்தவர் எத்தனை பேர். 100 பேர் வந்து, அடுத்த மாதங்களில் 35, 22, 20, 19 என்று போய் ஓரிடத்தில் நின்றால் அடியில் பாறை இருக்கிறது. 100, 35, 14, 6, 2 என்று போனால் அது ஓட்டை வாளி, எவ்வளவு விளம்பரம் ஊற்றினாலும் நிரம்பாது. வடசென்னையில் மீன் வாரம் ஒருமுறையாவது சமைக்கும் வீடுகள் ஏராளம். மாதம் ஒருமுறைகூட உங்களிடம் வராதவர் வேறெங்கோ வாங்குகிறார் என்றுதான் அர்த்தம். சொந்தக்காரர், பழைய ஸ்கூல் நண்பர், அப்பார்ட்மென்ட் தெரிந்தவர் ஆகியோரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவர்கள் வாங்குவது மீனுக்காக இல்லை, முகத்துக்காக.

எல்லை தாண்டியதற்கு அடையாளம்

சம்பளம் கொடுக்கத் தண்டல், அதாவது தினமும் கட்டும் வட்டிக்கடன், வாங்கிவிட்டால் மூட வேண்டிய தேதி ஏற்கெனவே போய்விட்டது. கையில் வருவது 8,500, நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்டுவது 10,000. '1,500 தானே' என்று தோன்றும். அசல் தினமும் கரைந்துகொண்டே வருவதால் கணக்குப் போட்டால் இது மாதம் பத்து வட்டிக்குச் சமம். ஆர்டருக்கு 46 ரூபாய் நிற்கும் தொழில் இதைத் தாங்காது. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் மிரட்டலைத் தடுக்க உதவும், மிச்சத்தைக் கூட்டித் தராது.

வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டியை எடுத்துச் சரக்குக்குப் போடுவது, வேலையாள் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது ஆகியவையும் அதே ரகம். பிடித்த பிஎஃப்பைக் கட்டாவிட்டால் அது கடன் பாக்கி என்பதைத் தாண்டி நம்பிக்கை மோசடி வழக்காகும். பழைய ஏலக்காரருக்குப் பாக்கி வைத்துவிட்டுப் புதிய ஏலக்காரரிடம் கடனுக்கு எடுப்பதும் ஓர் அடையாளம். காசிமேட்டில் அது இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பார்ட்னர் இருந்தால் தொழில் நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: வங்கி இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவோம், இந்தத் தேதிக்குள் ஆர்டருக்கு இவ்வளவு நிற்காவிட்டால் நிறுத்துவோம், அதற்கு மேல் போட விரும்புபவர் தன் பணத்தில் மட்டும் போடலாம். பத்து வரி போதும்.

மூடும் வரிசை

முதலில் சொல்ல வேண்டியது வேலையாட்களிடம், வெளியாள் மூலம் அவர்கள் காதுக்குப் போகும் முன். அடுத்தது சரக்குக் கொடுத்தவர். நேரில் போய், தேதியோடு சொல்லுங்கள்: "அண்ணே, இந்த மாசம் 30-ஆம் தேதியோட நிறுத்துறேன். உங்க பாக்கி 85,000. இன்னைக்கு 35, அடுத்த ரெண்டு சனிக்கிழமையும் 25, 25." தேதி சொன்னவரிடம் கோபப்படுவார்கள். போனை எடுக்காதவரைத் தேடிப் போவார்கள். சரக்குக் கொடுத்தவரிடம் நீங்கள் செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக் இருந்தால் கடைசித் தவணை கொடுக்கும்போது கையோடு திருப்பி வாங்குங்கள். பணமில்லாமல் செக் திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அதைப் பெற்ற 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு.

வங்கிக்கு முதல் தவணை தவறும் முன்பே போங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று ஆகிவிடும், அதற்கப்புறம் மேனேஜர் கையில் அதிகம் இருக்காது. தவணையை நீட்டிக் கேட்பது, ஒரே தீர்வாகக் குறைத்துக் கட்டுவதைவிட நல்லது. குறைத்துக் கட்டினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முழுதாகக் கட்டப்பட்டது' என்று வராமல் 'செட்டில்டு' என்று நிற்கும், அடுத்த கடனில் அது குறுக்கே வரும். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் திட்ட மானியத்தில் தொடங்கியிருந்தால் மானியத் தொகை மூன்று வருடம் வங்கி டெபாசிட்டில்தான் இருக்கும். இரண்டேமுக்கால் வருடம் ஓட்டியவர் மூடும் முன் அந்த மூன்று மாதத்தையும் எடைபோட வேண்டும்.

வெட்டிய பச்சை மீனுக்கு வரி இல்லாவிட்டாலும் பலர் ஜிஎஸ்டி எண் வாங்கி வைத்திருப்பார்கள். விற்பனை இல்லையென்றாலும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் வரி ஏதுமில்லாத ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் நாளைக்கு 20 ரூபாய், 500 வரை. ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னும் போட்டால்தான் முடியும். இதை மறந்துபோய் நோட்டீஸ் வாங்குபவர்கள்தான் அதிகம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் ஷட்டரை இறக்குவதால் மட்டும் மூடியதாகாது. பெயரை நீக்கக் கோரும் எஸ்டிகே-2 படிவத்துக்குக் கட்டணம் 10,000. ஒருமுறை தொழில் நடத்திய கம்பெனி இரண்டு நிதியாண்டு எதுவும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும், கடன் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது, நிலுவையிலுள்ள தாக்கல்களும் முடிந்திருக்க வேண்டும். அப்படியே போட்டுவிட்டுப் போனால் ஆண்டுக் கணக்குப் படிவம் ஒன்றுக்கு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவம், ஒரு வருடம் என்றால் 73,000. இந்த இரண்டு வருட ஆடிட்டர் செலவை மேலே போட்ட 3,35,000-இல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

நஷ்டம் வந்த வருடத்தில் வருமான வரி ரிட்டர்ன் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கெடு தேதிக்குள் போட்டால்தான் அந்த வியாபார நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் சென்று பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது.

மின் இணைப்பைத் துண்டிக்கும் முன்பே ஃப்ரீசரை விற்றுவிடுங்கள். ஓடிக்கொண்டு, உள்ளே மைனஸ் 18 காட்டும் பெட்டிக்கு ஒரு விலை, சுவரோரம் அணைந்து நிற்பதற்குப் பழைய இரும்புக்கடை விலை. இரண்டு நாள் அணைத்து ஐஸை உருக்கி, சோடா மாவு போட்டுக் கழுவி, கதவைத் திறந்து காயவைத்து, மறுபடி ஓடவிட்டுக் காட்டுங்கள். கேஸ்கெட் ரப்பரின் மடிப்பில்தான் மீன் வாடை தங்கும், அதை மட்டும் தனியாகக் கழற்றித் தேயுங்கள்.

வங்கிக் கணக்கை ஆறு மாதம் மூடாதீர்கள், அட்வான்ஸும் டெபாசிட்டும் அதில்தான் வர வேண்டும். போன் நம்பரையும் அப்படியே வைத்திருங்கள். மூடிய பிறகும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாராவது "அரை கிலோ வஞ்சிரம், ஒரு கிலோ சங்கரா" என்று கூப்பிடத்தான் செய்வார்கள். இத்தனை மாதம் உங்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்த அக்காவின் நம்பரை, அவரைக் கேட்டுக்கொண்டு, அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.